சுண்டுவிரல் நீங்கலாக

மண்ணச்சநல்லூர்
12.8.2025

அன்புள்ள யமுனாவுக்கு,

வள்ளிக்கண்ணு எழுதுவது. நலம்தானே? இங்கே நானும் மில்லும் நலம். போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லக்கூடியதைத் தாளில் எழுதி அரிசி வேனில் கொடுத்தனுப்புகிறாளே, இந்தம்மாவுக்கு என்ன கிறுக்கு என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரை நானும் எல்லாவற்றையும் வாயால் பேசித்தான் முடித்தேன். அவர் போய்ப் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது, இருபத்து மூன்று வருஷமாக எங்கள் மூட்டையில் இருந்த முத்திரை அவருடைய அண்ணன் பேரில் பதிவாகியிருந்தது. "நம்ம முத்திரை, நம்ம முத்திரை"ன்னு வீடெல்லாம் பேசினோமே தவிர, ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. மில் எனக்கு, முத்திரை அவருக்கு என்று ஆனது. இரண்டு வருஷமாக வெறும் வெள்ளைச் சாக்கில் அரிசி விற்கிறேன். அதிலிருந்து எனக்கு முக்கியமானது எதுவாக இருந்தாலும் எழுத்தில்தான்.

இப்போது புது மூட்டையில் போட நீங்கள் வரைந்து அனுப்பிய படத்துக்கு வருகிறேன். மில்லில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன். மூட்டை தைக்கிறவரிலிருந்து வாசலில் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் பார்த்தாயிற்று. உள்ளங்கையில் ஒரு பிடி அரிசி, கட்டைவிரல் அதைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி. அவ்வளவுதான் படம். அதில் அரிசி வாசனை வருகிறது யமுனா. நெல் காய்ந்த பதம் பார்க்கிற கை அது. இந்தத் தொழில் தெரியாத ஒருத்தர், ஒரே ஒரு நாள் வந்து போனதில் அதை எப்படிப் பிடித்தீர்கள் என்று வியந்துபோனேன்.

அது என் கை என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஆபீஸ் ரூமில் உங்களுக்கு அரிசியை அள்ளிக் காட்டினேனே! சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் வளைத்திருக்கிறீர்கள். என் விரல் நேராகத்தான் இருக்கும். அழகுக்காக வளைத்தீர்கள் போலிருக்கிறது, படம் போடுகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டுதானே. கோயம்புத்தூரில் இருக்கிற மகளுக்கும் லால்குடியில் இருக்கிற தங்கைக்கும், என் கையைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

படத்தோடு இங்கிலீஷில் ஒரு தாள் வைத்திருக்கிறீர்கள். உரிமையை என் பேருக்கு மாற்றுவதற்கான தாள் என்று போனில் சொன்னீர்கள். நல்ல காரியம். ஆனால் எனக்குப் படித்துப் புரியாத எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர் ஆசீரிடம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்குகிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி நிலம் அவர் கைப்பட எழுதித்தான் கை மாறியிருக்கிறது.

வேன் ஓட்டுகிற நசுருதீன் புதன்கிழமைதோறும் உங்கள் தெருமுனைக் கடையில் மூட்டை இறக்கிவிட்டுத் தில்லை நகர் போய்விட்டு, நாலு மணிக்குத் திரும்புவார். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள்.

இப்படிக்கு,
வள்ளிக்கண்ணு


ஸ்ரீரங்கம்
13.8.2025

அன்புள்ள வள்ளிக்கண்ணு அக்காவுக்கு,

வணக்கம். பத்து வருஷத்துக்கு அப்புறம் கையால் கடிதம் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் கோடு இழுத்துப் பழகின கைக்குப் பேனா வழுக்குகிறது.

உங்களுக்குக் கிறுக்கு என்று நான் நினைக்கவே இல்லை. நீங்கள் இந்தப் பக்கம் பட்டதை நான் அந்தப் பக்கம் பட்டவள். தில்லை நகரில் ஒரு மிட்டாய்க் கடைக்கு ஒரு யானை வரைந்து கொடுத்தேன். குட்டி யானை, தும்பிக்கையில் ஒரு லட்டு. தாள் எதுவும் எழுதவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அதே யானை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் ஐஸ்கிரீமோடு நிற்கிறது. யாரோ ஒருவர் என் யானையை வெட்டி ஒட்டியிருக்கிறார். கேட்டால், "நாங்கதான் வாங்கிட்டோம்ல"ன்னு சொன்னார்கள். வாங்கினார்களா, வாடகைக்கு எடுத்தார்களா, அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். இப்போதும் அந்தத் தெருவில் போனால் அந்த யானையின் முகத்தைப் பார்க்காமல் போகிறேன்.

அன்றிலிருந்து தாள் இல்லாமல் நான் எதையும் விற்பதில்லை. படம் வரைந்தவள் நான் என்பதால், நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை அது என்னுடையதுதான். தொகை முழுவதும் வந்து சேர்ந்துவிட்டதால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. பலருக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. நீங்கள் சட்டென்று பத்திர எழுத்தரைத் தேடிப் போனீர்கள் பாருங்கள், அங்கேதான் நீங்கள் நிற்கிறீர்கள். எனக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் வாய்த்ததே இல்லை.

கையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் மில்லில் பார்த்த கைதான் அக்கா. உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

நசுருதீன் அண்ணன் வாசலில் ஹார்ன் அடிக்கிறார்.

அன்புடன்,
யமுனா


மண்ணச்சநல்லூர்
26.8.2025

அன்புள்ள யமுனாவுக்கு,

ஆசீர் பத்திரம் எழுதிவிட்டார். முத்திரைத்தாள் வாங்குமுன் உங்களிடம் காட்டச் சொன்னேன். இதோடு நகல் இருக்கிறது. அவர் ஒரு படத்துக்குப் பத்திரம் எழுதுவது இதுதான் முதல் தடவை. "நிலம்னா சர்வே நம்பர் இருக்கும், வீடுன்னா கதவு எண் இருக்கும், இதுக்கு என்னம்மா இருக்கு?" என்று ஒரு நாள் முழுக்கப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவருக்குத் தெரிந்த வழியில் எழுதியிருக்கிறார். முக்கியமான இடத்தை இங்கேயே எழுதுகிறேன்:

"சொத்து விவரம்: அரிசி மூட்டையின் முன்பக்கத்தில் அமைந்த கைப்படம் ஒன்று. இதற்கு நான்கெல்லையாவது: மில்லின் பெயர் எழுதிய வரிக்குத் தெற்கு, எடை எழுதிய பட்டைக்கு வடக்கு, இடது தையலுக்குக் கிழக்கு, வலது தையலுக்கு மேற்கு. இதற்குள்பட்ட படம் பூராவும், அதன் வண்ணங்கள், கோடுகள், அரிசி மணிகள் சகிதம், எழுதி வாங்குபவர் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. உங்களுக்கு?

உங்கள் யானைக் கதையைச் சாப்பிடும்போது படித்தேன், புரையேறிவிட்டது. ஆனால் சிரித்துவிட்டு மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. பெற்ற பிள்ளைக்கு யாரோ கண்ணாடி மாட்டிவிட்ட மாதிரி இருந்திருக்கும். என்னிடம் அப்படி நடக்காது என்று வாக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் வாங்கிய பொருளில் எனக்கு முழுச் சுதந்திரம் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்குச் சின்னப் பை போட்டால் படத்தைச் சுருக்குவேன், நிறத்தை மாற்றுவேன். ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் வந்து நிற்க முடியாது.

இப்படிக்கு,
வள்ளிக்கண்ணு


ஸ்ரீரங்கம்
27.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசீர் அண்ணனுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். பத்து வருஷமாக இந்த வேலை செய்கிறேன். என் படத்துக்கு ஒருவரும் நான்கெல்லை எழுதியதில்லை. வலது தையலுக்கு மேற்கு என்று படித்ததும், என் கைப்படம் கொள்ளிடக்கரையில் இரண்டு ஏக்கராகப் படுத்திருப்பது போல் தோன்றிச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தால் அவர் செய்தது புத்திசாலித்தனம் என்று புரிந்தது. எது விற்கிறது, எது விற்கவில்லை என்று எல்லை கட்டுவதுதானே பத்திரம்? நான் அனுப்பிய இங்கிலீஷ் தாளிலும் அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் சில திருத்தங்கள் வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

மூட்டையோடு சேர்த்து எல்லை கட்டினால் உங்களுக்குத்தான் நஷ்டம். நாளைக்கு வேனின் பக்கத்தில் இந்தக் கையை வரைந்தால், அங்கே தையல் ஏது? அதனால் இடத்தை வைத்து எழுதாமல் படத்தையே ஒட்டி, "இந்தப் படம், எந்தப் பொருளின் மேலும்" என்று எழுதச் சொல்லுங்கள். மில்லின் பெயரை நான் கையால்தான் எழுதினேன். ஆசீர் அண்ணனின் கணக்குப்படி அது வடக்கெல்லைக்கு வெளியே போய்விட்டது! அதையும் உள்ளே சேர்க்க வேண்டும், அதுவும் உங்களுக்குத்தான். நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மற்ற இரண்டு படங்களும் என்னிடமே இருக்கும் என்று ஒரு வரி.

அப்புறம் எத்தனை வருஷம், எந்தெந்த நாடு என்று கட்டாயம் எழுத வேண்டும். வருஷம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நாடு எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நீங்கள் மலேசியாவுக்கு அனுப்பும் ஆசையில் இருக்கிறீர்கள் என்று நசுருதீன் அண்ணன் சொன்னார். புத்திர பௌத்திர பாரம்பரியம் என்று அழகாக எழுதிவிட்டு ஐந்தாவது வருஷம் கையை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது.

மாற்றுகிற உரிமையைத் தருகிறேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் கேட்டு வாங்குகிறீர்கள், அதுதான் வித்தியாசம். கண்ணாடி மட்டும் மாட்டாதீர்கள்.

கடைசியாக, நிலப் பத்திரத்தில் மூலம் எழுதுவார்களாமே, இந்தச் சொத்து எனக்கு எப்படி வந்தது என்று. அதுபோல ஒரு பத்தி இதிலும் வேண்டும். இதை வரைந்தது நான்தான், வேறு ஒருவருடையதையும் பார்த்து எடுக்கவில்லை, யாதொரு வில்லங்கமும் இல்லை என்று.

அன்புடன்,
யமுனா


மண்ணச்சநல்லூர்
9.9.2025

அன்புள்ள யமுனாவுக்கு,

நீங்கள் எனக்கு விற்கிறீர்களா, என் பக்கம் நின்று வாங்குகிறீர்களா என்று ஆசீருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "தனக்குப் பாதகமா இப்படித் திருத்தம் சொல்ற பார்ட்டியை நான் பார்த்ததில்லம்மா"ன்னு சொன்னார். நானும் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணனோடு நடந்த பாகப்பிரிவினையில் உங்களை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் என் முத்திரை என்னிடம் இருந்திருக்கும்.

நீங்கள் சொன்னதெல்லாம் சேர்த்தாயிற்று. உலகம் முழுவதும், காலம் உள்ளவரை என்று எழுதியிருக்கிறார். மூலம் எழுதும் பத்தியை மட்டும் நானே சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அதைப் பாருங்கள்:

"மேற்படி படமானது, எழுதி வாங்குபவராகிய வள்ளிக்கண்ணு என்பவரின் வலது கையை நேரில் பார்த்து, எழுதிக் கொடுப்பவராகிய யமுனா என்பவர் தம் கைப்பட வரைந்தது."

இதைப் படித்துக் காட்டச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் யமுனா. இருபத்து மூன்று வருஷம் நெல் வேக வைத்து, காய வைத்து, அரைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு மூட்டையிலும் நான் இருந்ததில்லை. மாமனார் ஆரம்பித்தது, வீட்டுக்காரர் நடத்தியது, அவருடைய அண்ணன் முத்திரை. இப்போதுதான் முதல் தடவையாக என்னுடையது என்று ஒன்று மூட்டையில் ஏறப் போகிறது. அதுவும் என் கையே.

தில்லை நகர் சூப்பர் மார்க்கெட்காரர் வந்திருந்தார். தீபாவளிக்கு முன்னால் புது மூட்டையில் கொடுத்தால் அவருடைய மூன்று கடையிலும் வைப்பதாகச் சொல்கிறார். அதற்கு இந்தப் படத்தை முத்திரையாக என் பேரில் பதிவுக்குக் கொடுத்திருக்க வேண்டுமாம். பதிவுக்கு உங்கள் பத்திரம் வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு, அந்தச் சுண்டுவிரல் மட்டும் ஒடிஞ்ச மாதிரி இருக்கு, பொம்பளைங்க மூட்டைய எடுக்கத் தயங்குவாங்க, நேராக்கிடுங்க" என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. என் விரல் நேராகத்தானே இருக்கிறது. பத்திரம் ஆனதும் நீங்களே நேராக்கிக் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம். கையெழுத்துக்கு வாருங்கள். சாப்பாடு இங்கேதான்.

இப்படிக்கு,
வள்ளிக்கண்ணு


ஸ்ரீரங்கம்
10.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. அந்தப் பத்திரத்தில் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

அது உங்கள் கை இல்லை அக்கா.

அன்றைக்கு நான் மில்லுக்கு வந்தபோது நீங்கள் போனில் இருந்தீர்கள். நெல் காயப் போட்டிருந்த களத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மணிமேகலை என்று ஒரு அம்மா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே வந்து, ஒரு பிடி அள்ளிப் பதம் பார்த்தார். "என்னத்தப் பாக்குறீங்க?" என்று கேட்டார். "உங்க கையைத்தான்"னு சொன்னேன். "இதுல என்ன இருக்கு?"ன்னு சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கொஞ்சம் அரிசியை அள்ளி வந்து நீட்டினார். நின்ற இடத்திலேயே நோட்டில் வரைந்தேன். அவர் கையில் அந்தச் சுண்டுவிரல் வளைந்திருக்கிறது. அதுதான் என்னை வரையவே வைத்தது. மற்ற நான்கு விரலும் அரிசியை ஏந்தும்போது அது மட்டும் விலகி நின்று வேடிக்கை பார்த்தது. நான் அழகுக்காக எதையும் வளைக்கவில்லை.

அப்புறம் நீங்கள் வந்து உங்கள் கையிலும் அள்ளிக் காட்டினீர்கள். அதையும் பார்த்தேன், வரையவில்லை.

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மில்லில் பார்த்த கை என்று மழுப்பி எழுதினேன். பொய் இல்லை என்று அப்போது என்னை நானே தேற்றிக்கொண்டேன். உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்பது பாதிக் காரணம். என் படத்தை ஒருவர் அவ்வளவு கொண்டாடும்போது அதை நிறுத்த மனசு வரவில்லை என்பது மீதி. நேற்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. விரலை நேராக்கிவிட்டால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் வாய்ப்பேச்சை நம்பி முத்திரையை இழந்த உங்களுக்கு, பொய் எழுதிய தாளை நான் எப்படிக் கொடுப்பேன்? இந்த ஒரு பத்தியில் பொய் இருந்தால் மற்ற பத்திகளை நீங்கள் எதை வைத்து நம்புவீர்கள்?

சூப்பர் மார்க்கெட் தேதி நெருங்குகிறது என்று தெரியும். மூலம் எழுதிய பத்தியை மட்டும் மாற்றினால் அன்றைக்கே வந்து கையெழுத்துப் போடுகிறேன். இந்தப் படமே வேண்டாம் என்றால் உங்கள் கையைப் பார்த்துப் புதிதாக வரைந்து தருகிறேன். அதற்கு எதுவும் தர வேண்டாம்.

உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் ஏமாறவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

யமுனா


ஸ்ரீரங்கம்
24.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு புதன்கிழமை ஆகிவிட்டது. வேன் வந்தது, மூட்டை இறங்கியது, கடிதம் இல்லை. "அம்மா ஒண்ணும் குடுக்கலம்மா"ன்னு சொல்லும்போது நசுருதீன் அண்ணனுக்கே முகம் வாடிவிடுகிறது. உங்கள் போன் எண் என்னிடம் இருக்கிறது. ஆனால் எழுத்தில் செய்த தப்பை எழுத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறேன்.

இன்னும் வெள்ளைச் சாக்குதான் இறங்குகிறது. பார்க்கவே மனசுக்கு என்னமோபோல் இருக்கிறது.

கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். நான் இதுவரை முப்பது, நாற்பது பேருக்கு வேலை செய்திருக்கிறேன். உங்கள் ஒருவரின் கடிதத்துக்காகத்தான் புதன்கிழமை காலையில் மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

யமுனா


மண்ணச்சநல்லூர்
7.10.2025

அன்புள்ள யமுனா,

உன்னை இனி நீ என்றுதான் எழுதப் போகிறேன். நீங்கள் போட்டு எழுதினால் இந்தக் கடிதம் எனக்கு வராது.

கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். உன் கடிதத்தைப் படித்ததும் படத்தை எடுத்து மேஜையில் விரித்து அதன் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கை அகலம், விரல் கட்டை. ஒரு விரல்கூடப் பொருந்தவில்லை. கண் தெரிகிற எவளாவது அதை என் கை என்று சொல்வாளா? ஒரு மாசம் தினமும் பார்த்தேன், அதே பேச்சாகத் திரிந்தேன். வேண்டும் என்று ஆசைப்பட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். மகளுக்கும் தங்கைக்கும் எப்படி முகம் கொடுப்பது என்று வெட்கமாகப் போயிற்று. அந்த வெட்கத்தை உன் மேல் கோபமாக வைத்துக்கொண்டு திரிந்தேன். பேனாவைத் தொடவில்லை.

அப்போதுகூட விரலைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

போன புதன்கிழமை ஆயுதபூஜை, வேன் ஓடவில்லை. மில்லைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. நெல்லை மேலே தூக்குகிற பெல்ட் ஒன்று இருக்கிறதே, அதன் மூடிக்கு மணிமேகலை பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு வைக்கிறாள், சுண்டுவிரல் தனியாக விலகி நிற்கிறது. அப்படியே உன் படம்.

யமுனா, அந்த விரலை ஒடித்தது அந்தப் பெல்ட்தான். பதினோரு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ஒரு மாசம் அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நாலாம் நாள் மழை வந்து களத்து நெல் பூராவும் நனைந்தது. பதம் பார்க்க அவளை விட்டால் ஆள் இல்லை. "கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமான்னு கேளு" என்று அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பியது நான். வந்தாள். கட்டைப் பிரித்துவிட்டு ஈர நெல்லைக் கிளறினாள். விரல் வளைந்தபடியே கூடிவிட்டது. நான் அதை மறந்தே போனேன். தினமும் அந்தக் கையிலிருந்து அரிசி வாங்கிப் பார்க்கிறவள், பதினோரு வருஷமாக அந்த விரலைப் பார்க்கவில்லை. நீ ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனாய்.

பூஜை முடிந்து பொரி கொடுத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். படத்தை விரித்து, "இது உன் கையாமே" என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்பலேருந்து?"

"படம் வந்த அன்னிக்கே தெரியும். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினீங்களே, அப்பவே."

"ஏண்டி சொல்லல?"

"நீங்க அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க. அண்ணன் போனதுக்கப்புறம் உங்கள நான் அப்படிப் பாக்கவே இல்ல. ஒரு கைதானே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை.

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பேரைப் போடவா, சம்பளத்தில் ஏதாவது சேர்க்கவா என்றெல்லாம் அடுக்கினேன். சேர்க்கத்தான் போகிறேன், அது தனி. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "விரல நேராக்கப் போறீங்கன்னு பேசிக்கிட்டாங்க. அத மட்டும் அப்படியே விட்டுடுங்கக்கா. லால்குடியில என் மவ கடைக்குப் போனா, மூட்டையப் பார்த்ததும் எங்கம்மா கைன்னு தெரியணும்ல."

ஒரு தடவை அந்த விரல் நேராக விடாமல் கெடுத்தவள் நான். இப்போது படத்தில் மட்டும் நேராக்கச் சொல்லி உனக்கு எழுதியிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட வந்திருந்தால் அதுவும் நடந்திருக்கும். தாளில் ஒரு பொய்யும், மூட்டையில் ஒரு பொய்யுமாக நான் ஆண்டு அனுபவித்திருப்பேன்.

மறுநாளே ஆசீரிடம் போனேன். மூலம் எழுதிய பத்தியை உள்ளபடி மாற்றச் சொன்னேன். மணிமேகலையும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். சட்டத்துக்கு அது தேவையில்லை என்றார். எனக்குத் தேவை என்றேன். அப்புறம் விரலைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "படத்த வித்துட்டு ஒரு விரல மட்டும் நீக்கி எழுதுனா ஊரே சிரிக்கும்மா" என்றார். "எங்க மாமனார் தோப்ப எழுதிக் கொடுத்துட்டுக் கிணத்த நீக்கி எழுதினாரே, அப்ப யார் சிரிச்சா? அந்தப் பத்திரத்த எழுதினது உங்க அப்பாதானே?" என்று கேட்டேன். திரும்பப் பேனாவை எடுத்தார். இதோ எழுதியிருக்கிறார்:

"மேற்படி படத்தைச் சுருக்கவோ, பெருக்கவோ, வண்ணம் மாற்றவோ, வேறு பொருளில் பதிக்கவோ எழுதி வாங்குபவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சர்வ சுதந்திரம் உண்டு, வலது சுண்டுவிரல் நீங்கலாக. மேற்படி சுண்டுவிரலானது மணிமேகலை என்பவருக்கே பாத்தியமானது. அதை நேராக்கவோ, மறைக்கவோ, நீக்கவோ எக்காலத்திலும் யாருக்கும் உரிமை இல்லை."

சூப்பர் மார்க்கெட்காரரிடம் விரல் அப்படியேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், இன்னும் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் வெள்ளைச் சாக்கு. பழகிப்போனதுதானே.

மகளுக்கும் தங்கைக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் மட்டும், "அந்தப் பொண்ணு உனக்கு எப்படிம்மா கிடைச்சாங்க?" என்று கேட்டாள். உன்னைப் பற்றித்தான் கேட்டாள். உன் படத்தைவிட உன் போன மாசப் பத்தாம் தேதிக் கடிதத்தைத்தான் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைக்கப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை வா. முத்திரைத்தாள் வாங்கி வைத்தாயிற்று. உனக்காக ஒரு பேனா, எனக்கு ஒன்று. மணிமேகலை மூன்று நாளாகக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தன் பேரை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதும்போதும் அந்த விரல் தாளில் படாமல் விலகித்தான் நிற்கிறது.

உன் அக்கா,
வள்ளிக்கண்ணு